பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவில், மாணவர்களுக்கான பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்து, "நீ கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன், பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசு. செயற்கை நுண்ணறிவு பத்திப் பேச ஏற்கெனவே மூணு பேர் இருக்காங்க, நீயும் அதையே ஆரம்பிச்சுடாதே" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். அவர்கள் மூவரும் சொல்கிறதை ஓட்டிப் பார்க்க உங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே, அதற்கான சாமானைப் பழசாக, முன்பின் தெரியாத ஒரு தனி ஆளிடம் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதுதான் என் பேச்சு.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025-ன் பிற்பகுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படுகிற பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு மிச்சம் மீதிதான். அந்த வருஷம் டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தை விட்டே விலகப்போவதாக அறிவித்தது. புதுசு எட்டாமல் போனால் மாணவன் பழசைத்தான் தேடுவான். தேடுகிற கூட்டம் சேர்கிற இடத்தில் ஏமாற்றுகிறவனும் வந்து துண்டு விரிப்பான்.

எங்கள் காலத்தில் பழைய சாமான் என்றால் சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட். அங்கே ஏமாற்று இல்லையா என்று கேட்காதீர்கள், இருந்தது. ஆனால் அங்கே "டெஸ்டிங் வாரண்டி" என்று ஒன்று உண்டு. பில்லும் கிடையாது, அட்டையும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். ஆனாலும் சொன்ன நாளுக்குள் எடுத்துக்கொண்டு போனால், முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுப்பார்கள். காரணம், கடைக்காரர் நாளைக்கும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் வாங்குகிற தனி ஆளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிம் கார்டைக் கழற்றினால் ஆளே இல்லை. ஆகவே கடையில் வாங்கிய பிறகு செய்கிற சோதனையை, இங்கே பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்து முடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

2019-ல் என் கடைக்கு ஒரு பையன் வந்தான். மூன்றாம் வருடம் படிக்கிறவன். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 4 ஜிபி, 6,500 ரூபாய்க்கு ஒருவரிடம் வாங்கியிருக்கிறான். அம்மா சீட்டு எடுத்த பணம். கம்ப்யூட்டரில் போட்டால் பெயர் சரியாகக் காட்டுகிறது, 4 ஜிபி என்றும் காட்டுகிறது. ஆனால் எதையாவது பெரிதாக ஓட்டினால் உடனே திரை நின்றுவிடுகிறது. நான் ஜிபியு-இசட் என்கிற சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே எழுதிக் காட்டியது. உள்ளே இருந்தது 2011-ல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ, அதில் நிஜமாக இருந்தது 1 ஜிபி. யாரோ கார்டில் உள்ள பயாஸை மாற்றி எழுதி, அது தன் பெயரையே மாற்றிச் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். 1 ஜிபிக்கு மேல் தகவல் போனதும் வைக்க இடமில்லாமல் படுத்துவிடுகிறது.

அந்தக் கார்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே போதும். பழைய மானிட்டருக்குச் செருகுகிற நீல நிற விஜிஏ துளை இருந்தது. என்விடியா 10 வரிசைச் சில்லுகளில் அந்தப் பழைய அனலாக் வெளியீடே கிடையாது. ஆக, ஒரு நிமிஷ வேலை.

"வாங்கும்போது மாட்டிப் பார்க்கலையாப்பா?" என்றேன். அவன் சொன்ன பதில் என் மனதில் அப்படியே நிற்கிறது. "அந்த அண்ணன் ரொம்ப நல்லாப் பேசினார் சார். டீ வாங்கிக் கொடுத்தார். எந்தக் காலேஜ், வீட்ல என்ன பண்றாங்கன்னு எல்லாம் விசாரிச்சார். அதுக்கப்புறம் போட்டுக் காட்டுங்கன்னு கேட்கக் கூச்சமா இருந்துச்சு."

நம் பிள்ளைகள் ஏமாறுகிற இடம் இந்தக் கூச்சம்தான். தொழில்நுட்பம் தெரியாததால் ஏமாறுகிறவர்கள் குறைவு. அந்தப் பையனுக்கு என்னைவிட அதிகமாகவே கிராஃபிக்ஸ் கார்டு பற்றித் தெரியும். பெரியவரைச் சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு என்று வளர்த்துவிட்டோம், அதை வைத்துத்தான் அந்த டீ வாங்கிக் கொடுக்கப்பட்டது.

உங்களில் பலர் கிராமத்திலிருந்து வந்தவர்கள். பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கோ, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கோ அப்பா, தாத்தாவோடு போயிருப்பீர்கள். விற்கிறவர் மாமன் மச்சான் முறையாகவே இருக்கட்டும், வாங்குகிறவர் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பாரா இல்லையா? சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், கறவை மாடு என்றால் கறந்து பார்ப்பார். ஒருவேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுகிற வித்தையும் அவருக்குத் தெரியும், ஆகவே அடுத்த வேளையும் இருந்து கறப்பார். விற்கிறவர் கோபித்துக்கொள்வாரா? மாட்டார். பல்லைப் பார்க்காமல் பணத்தை எண்ணுகிறவனைத்தான் அவர் வினோதமாகப் பார்ப்பார். நம்முடைய தாத்தாக்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே ஆளை எடை போடாதீர்கள். அது போலீஸ்காரருக்கே சுலபமில்லை. "ஆறு மாசம்தான் யூஸ் பண்ணேன்", "தங்கச்சி கல்யாணம், அதான் விக்கிறேன்" என்கிற கதைகளைச் சரிபார்க்க உங்களிடம் கருவி கிடையாது. சாமானைச் சரிபார்க்கக் கருவி இருக்கிறது, அதுவும் இலவசமாக. ஒரு பென் டிரைவில் ஜிபியு-இசட், சிபியு-இசட், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, ஃபர்மார்க் நான்கையும் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு பென் டிரைவில் மெம்டெஸ்ட்86. இந்த இரண்டு பென் டிரைவும் சட்டைப் பையில் இருந்தால் பாதிப் படை கூட இருக்கிற மாதிரி.

சந்திக்கிற இடம் முக்கியம். "ஸ்டேஷன் வாசலுக்கு வந்துடு தம்பி, கையில கொடுத்துடுறேன்" என்பார்கள். ஸ்டேஷன் வாசலில் எந்தப் பிளக்கில் செருகுவீர்கள்? அவர் வீட்டில், அவருடைய மெஷினிலேயே ஓடுகிற நிலையில் பார்ப்பது நல்லது. வீட்டுக்குப் போகத் தயக்கமாக இருந்தால், தங்கைகளுக்கு அது நியாயமான தயக்கம், உங்களுக்குத் தெரிந்த ஒரு சர்வீஸ் கடைக்கு அவரை வரச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு மேஜை வாடகையாக நூறோ இருநூறோ கொடுத்தால் சந்தோஷமாக ஒதுக்கித் தருவார். பகலில் போங்கள், ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி ஒவ்வொரு சாமானாக வருகிறேன். கிராஃபிக்ஸ் கார்டில்தான் பணமும் அதிகம், வித்தையும் அதிகம் என்பதால் அதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

முதலில் ஜிபியு-இசட்டில் பெயரும் மெமரி அளவும் பாருங்கள். பிறகு ஃபர்மார்க்கை இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். ஐந்து நிமிஷம் போதாது. வெப்பநிலை ஏறி ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும், ஏறிக்கொண்டே போகக் கூடாது. திரையில் கோலப் புள்ளி மாதிரி வண்ணப் புள்ளிகளோ கோடுகளோ வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஃபேன் ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் சுற்றுகிறதா, எல்லாத் துளைகளிலும் படம் வருகிறதா என்று மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள்.

மாட்டின் மடியைப் பெருக்கிக் காட்டுவது மாதிரி இதிலும் ஒன்று உண்டு. செத்துப்போன கார்டின் சில்லுக்கு ஹாட் ஏர் வைத்துச் சூடு காட்டினால், அடியில் விட்டுப்போன சால்டரிங் சில சமயம் ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நாள் ஓடும். சில நாள், சில வாரம். அதற்குள் விற்றுவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க மூக்கும் கண்ணும்தான். சில்லைச் சுற்றிப் பிசின் மாதிரி ஃப்ளக்ஸ் கறை இருக்கிறதா, ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கின்றனவா, போர்டு ஓரிடத்தில் மட்டும் பழுப்பேறி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூவைத் திறந்தது தப்பில்லை, தெர்மல் பேஸ்ட் மாற்றியிருக்கலாம். கேட்டால் ஒழுங்கான ஆள் நேராகச் சொல்லிவிடுவார்.

மைனிங் கார்டு வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி ஈதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதோடு, கிராஃபிக்ஸ் கார்டு வைத்து அதைத் தோண்டுகிற வேலை முடிந்தது. மூட்டை மூட்டையாகக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடிய ஒரே காரணத்துக்காகக் கார்டு கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஃபேனும் பேஸ்டும் தேய்ந்திருக்கும், அதற்குத் தகுந்தபடி விலையைக் குறையுங்கள். மறைத்து விற்பதுதான் குற்றம்.

அடுத்து டிஸ்க். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி எதுவானாலும் தான் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறோம் என்று தானே கணக்கு வைத்திருக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 'பவர் ஆன் அவர்ஸ்' என்று இருக்கும். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஆறு மாசம் ராப்பகலாக அணைக்காமல் ஓட்டினாலும் 4,380-ஐத் தாண்ட முடியாது. "ஆறு மாசம்தான் ஆச்சு" என்கிறவருடைய டிஸ்க் 26,000 மணி நேரம் காட்டினால், அது மூன்று வருஷம் எங்கேயோ சிசிடிவி பெட்டியில் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அவரிடம் சண்டை போட வேண்டாம், திரையைத் திருப்பிக் காட்டினால் போதும்.

இந்தக் கணக்கையும் அழித்து எழுதுகிறவர்கள் உண்டு. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் இது பெரிதாக வெளிவந்தது. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் ஹார்ட் டிஸ்க்குகள், கணக்கைப் பூஜ்யமாக்கி, புதுசு என்றே கடைகளில் விற்கப்பட்டிருந்தன. காட்டிக் கொடுத்தது 'ஃபார்ம்' என்று அந்த டிஸ்க்குகளில் தனியாக இருக்கும் இன்னொரு பதிவேடு. அதை அழிக்க மறந்துவிட்டார்கள். லினக்ஸ் தெரிந்தவர்கள் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் அதைப் படிக்கலாம். கடையிலேயே இந்தக் கதை என்றால் தனி ஆளிடம் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் பாருங்கள்.

எஸ்எஸ்டி, பென் டிரைவ் இரண்டிலும் கொள்ளளவுப் புளுகு ஒன்று இருக்கிறது. 1 டிபி என்று காட்டும், உள்ளே 64 ஜிபிதான் இருக்கும். 64 நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது முன்னால் எழுதியதன் மேலேயே எழுதும். நீங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைத் திறக்கும் நாளில்தான் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3, இரண்டும் முழுக்க எழுதித் திரும்பப் படித்துக் காட்டும். ஆனால் 1 டிபியை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுத மட்டுமே இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் யார் உட்காருவார்கள்? ஆகவே பெயர் கேள்விப்படாத கம்பெனி, விலை பாதிக்கும் கீழே என்றால் சோதனையே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ராமுக்கு மெம்டெஸ்ட்86. ஒரு சுற்று முழுதும் ஓடினால் உத்தமம். அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேண்டாம். "ஸ்லாட்ல தூசி இருக்கும் தம்பி" என்பார். தூசியைத் தட்டிவிட்டு மறுபடியும் ஓட்டச் சொல்லுங்கள்.

பிராசஸர் பெரும்பாலும் கெடாது. ஆனால் மேலே எழுதியிருக்கிற எண்ணைச் சுரண்டிவிட்டு வேறு எண் பொறிக்க முடியும், அதனால் எழுத்தை நம்பாமல் சிபியு-இசட் சொல்வதை நம்புங்கள். ஏஎம்4 வரை ஏஎம்டி பிராசஸரின் அடியில்தான் பின்கள் இருக்கும். இன்டெலிலும், 2022-ல் வந்த ஏஎம்5-லும் பின்கள் மதர்போர்டில். அங்கே டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், கோரைப் பாயில் ஒரு கோரை மட்டும் விலகினது மாதிரி வளைந்த பின் தெரிந்துவிடும்.

லேப்டாப்பில் ஆபத்து வேறு மாதிரி. சாமான் நல்லதாகவே இருக்கும், அது யாருடையது என்பதுதான் கேள்வி. வேலையை விட்டவர் திருப்பிக் கொடுக்காத கம்பெனி லேப்டாப் இருக்கும், திருட்டு லேப்டாப் இருக்கும். விற்பவர் எதிரிலேயே முழுசாக ரீசெட் செய்து, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத் தொடங்கிப் பாருங்கள். கம்பெனி தன் பெயரில் பதிவு செய்து வைத்திருந்தால், இணையம் வந்ததும் அந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டு லாகின் கேட்கும். மேக்புக்கில் ஆக்டிவேஷன் லாக் இருந்தால் பழைய ஆளின் கணக்கைக் கேட்கும். பயாஸுக்குள் போய்ப் பாஸ்வேர்ட் இல்லையென்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். பில் நகலும், விற்றவர் கையெழுத்திட்ட ஒரு வரித் தாளும் வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்கினால் மூன்று வருஷம் வரை சிறை. எண்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பைப் பன்னிரண்டாயிரத்துக்கு பில் இல்லாமல் வாங்கிவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஸ்டேஷனில் சொன்னால் இன்ஸ்பெக்டர் சிரிப்பார்.

பணம் கொடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். சாமானே இல்லாமல் பணம் பறிக்கிற கூட்டம் தனி. "நான் மிலிட்டரில இருக்கேன், ட்ரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, ரெண்டாயிரம் டோக்கன் அட்வான்ஸ் போடுங்க, பார்சல்ல அனுப்பிடுறேன்" என்று அடையாள அட்டைப் படமும் அனுப்புவார்கள். அந்தப் படம் வேறு யாரோ ஒரு பாவப்பட்ட ஜவானுடையது. பிறகு கூரியர் ரசீது வரும், அதன் பின்னால் ஜிஎஸ்டி கட்டணும், இன்ஷூரன்ஸ் கட்டணும் என்று வரிசையாக வரும். முன்பணம் கேட்டால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சாமானின் பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய தாளை வைத்துப் படம் அனுப்பச் சொல்வது முன்பு நல்ல உபாயம். இப்போது படத்தையே செயற்கையாகத் தயாரித்துவிடுகிறார்கள். வீடியோ காலில் ஓட்டிக் காட்டச் சொல்லலாம். அதுவும் பேருந்துச் செலவை மிச்சப்படுத்தத்தான், நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது.

நீங்கள் விற்கும்போதும் இதே ஆள் வருவார். பேரமே பேசாமல் ஒப்புக்கொண்டு, "க்யூஆர் கோடு அனுப்பியிருக்கேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்" என்பார். யுபிஐ-யில் பின் எண் போட்டால் பணம் போகும். வருவதற்கு எந்த எண்ணும் போட வேண்டியதில்லை. தனி ஆளிடம் தனி ஆள் பணம் கேட்டு அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் க்யூஆர் கோடு இருக்கிறதே. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு அறையில் உட்கார வேண்டாம். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து ஒரு ராத்திரியைக் கழித்துவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

என் பேச்சு இதோடு முடிந்தது. இரண்டு கேள்விகள் வந்தன, அவற்றையும் சேர்த்துவிடுகிறேன்.

மின்னணுவியல் துறை மாணவர் ஒருவர், "பழைய பவர் சப்ளை வாங்கலாமா சார்?" என்றார். வேண்டாம். அதை மட்டும் புதுசாக, பில்லோடு வாங்குங்கள். அது போகும்போது தனியாகப் போகாது, இரண்டு மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு போகும்.

இரண்டாம் வருட மாணவி ஒருவர் கேட்டது: "டெஸ்ட் பண்ணணும்னு சொன்னதுமே அவர், 'நம்பிக்கை இல்லேன்னா விடும்மா, இன்னும் நாலு பேர் கேட்டிருக்காங்க'ன்னு சொன்னா என்ன சொல்றது சார்?"

"சரிங்க அண்ணா, அவங்களுக்கே கொடுத்துடுங்க" என்று சொல்லுங்கள் என்றேன்.